ஏழரையின் கை

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் பெரிய டாக்டருக்கு 'ஏழரை' என்று பெயர். கிளவுஸ் அளவும் ஏழரை, குணமும் ஏழரை. பெயர் வைத்த புண்ணியவதி நான்தான். அது அவர் காதில் விழுந்த அன்று, என் வேலைக்கு உலை வைத்துக்கொண்டேன் என்று நடுங்கிப் போனேன். மனுஷன் மாஸ்க்குக்குள் சிரித்துவிட்டு, "வச்சதுதான் வச்ச, பொருத்தமா வச்சிருக்க" என்றார்.

இருபத்தாறு வருஷம் அவர் பக்கத்தில் கருவித் தட்டோடு நின்றேன். ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போதும், ஸ்பிரிட் வாசனை பட்டால் மனசு அங்கே ஓடிவிடுகிறது. அவர் எதையும் கேட்டு வாங்க மாட்டார். கண் காயத்தில் இருக்கும், உள்ளங்கை மட்டும் என் பக்கம் நீளும். கத்தியா, கத்தரியா, இடுக்கியா என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். என்றைக்காவது மாறிப்போனால் கருவி தரையில் பறக்கும்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"எறியுங்க சார், நல்லா எறியுங்க. திரும்ப அவிச்சு எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் நில்லுங்க" என்பேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் குளியலறைக் கதவிடுக்கில் என் வீட்டுக்காரர் கையை நீட்ட, சோப்பைப் பட்டென்று உள்ளங்கையில் அறைந்து வைத்தேன். "சோப்புதானே வேணும்னேன், ஏன்டி அடிக்கிற?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

அவர் கையைவிட ஏழரையின் கைதான் எனக்கு அத்துப்படி. அதனால்தான் நடுக்கம் முதலில் என் கண்ணில் பட்டது. டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பிறகு, தையல் ஊசியின் நூல் நுனி லேசாக ஆடியது. வேறு யாரும் கவனிக்கவில்லை.

நான் மூச்சு விடவில்லை. அவர் மணிக்கட்டு ஊன்றிக்கொள்ளத் துண்டை மடித்து அடியில் வைத்தேன். ஆட்டம் தெரியாமலிருக்க நூலைக் குட்டையாக வெட்டிக் கொடுத்தேன். எதிரே நிற்கும் சின்ன டாக்டரிடம், "கடைசித் தையலை நீங்க போடுங்களேன்" என்று தள்ளிவிட்டேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. அந்த மனுஷனைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

அப்போதுதான் அந்த டீச்சர் வந்தாள். தொண்டையில் கட்டி. ஆபரேஷனுக்கு முன்பு, வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், குரல் போயிடாதே? நாற்பது வாண்டுங்க கத்துறதுக்கு மேல நான் கத்தியாகணும்."

"ஒண்ணும் ஆகாது. நாங்க இருக்கோம்ல" என்றேன்.

குரல் நரம்பு அந்தக் கட்டிக்குப் பின்னால்தான் ஓடும். நூல் கனம்கூட இருக்காது. பெரிய டாக்டர் கட்டியை மெதுவாகத் தூக்கியபோது நரம்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதை ஒட்டியிருந்த சின்ன ரத்தக்குழாய் ஒன்று கசிய ஆரம்பித்தது. இடது கையால் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு வலது கையை என் பக்கம் நீட்டினார். நுனி மெலிந்த இடுக்கி வேண்டும். என் கையில் தயாராக இருந்தது.

அந்தரத்தில் அந்தக் கை நடுங்கியது. துண்டு மடித்து வைக்க அங்கே இடமில்லை. இடுக்கி அரிசி அகலம் தவறினால் அவள் குரல் போய்விடும். கொடுக்காவிட்டால் எங்கள் இருபத்தாறு வருஷம் போய்விடும்.

அந்த உள்ளங்கையைத் தாண்டி, இடுக்கியைச் சின்ன டாக்டர் கையில் வைத்தேன்.

சின்னவர் திருதிருவென்று விழித்தார். நீட்டிய கை வெறுங்கையாக அப்படியே நின்றது. இடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். விழவில்லை. ஏழரை கையை மடக்கிக்கொண்டார். பஞ்சை எடுத்துவிட்டு, காயத்தை விலக்கிப் பிடிக்கும் கொக்கியை, கத்துக்குட்டிகள் பிடிக்கும் அந்தக் கொக்கியை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பிடிங்க டாக்டர். அவசரமில்லை. நரம்பு உங்களுக்கு இடது பக்கம், பார்த்துக்கோங்க."

மயக்கம் தெளிந்ததும் டீச்சர், "மணி என்ன சிஸ்டர்?" என்று கணீரென்று கேட்டாள். அவளுக்கு மணி சொல்லிவிட்டு, உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

மறுநாள் ஏழரை வரவில்லை. கடிதம் மட்டும் வந்தது. பிரிவு உபசாரம், மாலை, போட்டோ எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். அவர் முகத்தில் விழிக்கும் தைரியம் எனக்கு ஆறு மாதம் வரவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர்தான், "போய்ப் பார்த்துட்டு வந்துடு. வீட்டுப் பாத்திரமாவது தப்பிக்கும்" என்று விரட்டினார்.

டாக்டரின் மனைவி கதவைத் திறந்து, "இப்பதான் வழி தெரிஞ்சதா சிஸ்டர்?" என்று உள்ளே கூட்டிப்போனார். ஏழரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். வலது கையை இடது கை பிடித்திருந்தது.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. அன்னிக்கு நான் கொடுத்திருக்கணும்."

"வாயைக் கழுவு. கொடுத்திருந்தா அந்தம்மா கதி என்ன?" அதே பழைய அதட்டல். கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் குரலைத் தணித்தார். "நானா விடறதுக்கு மனசு வரலைம்மா. பயமா இருந்தது. இந்தக் கை உனக்குத்தான் தெரியும், நீ கொடுக்காம நிறுத்திடுவன்னுதான் தினமும் வந்து நீட்டினேன்."

"எத்தனை நாளா சார்?"

"மூணு மாசமா. நீ என்னடான்னா, துண்டை மடிச்சு மடிச்சு வச்சுட்டிருந்த."