பிள்ளையார் இருக்கும் மேசை

பிரிக்பீல்ட்ஸில் பழனியப்பன் நடத்தும் அச்சகத்தில் கணினி மூன்று, பிள்ளையார் ஒன்று. சுண்டுவிரல் உயரமுள்ள அந்தப் பித்தளைப் பிள்ளையார் யார் மேசையில் இருக்கிறாரோ, அவர் மட்டும் கோயில் விழா மலரின் கணினிக் கோப்பைத் திறக்கலாம். மற்றவர் காத்திருக்க வேண்டும்.

காரணம் உண்டு. கோப்பு இருப்பது முதலாளி அறைக் கணினியில். உஷாராணியும் ரிஷியும் தத்தம் மேசையிலிருந்தே நெட்வொர்க் வழியாக அதைத் திறந்து பக்கம் அமைப்பார்கள். அங்கிருந்த பழைய மென்பொருளுக்குத் தாராள மனசு. ஒருவர் உள்ளே இருக்கும்போதே இன்னொருவருக்கும் வாசலைத் திறந்துவிடும். இருவரும் ஒரே நேரத்தில் சேமித்தால் கோப்பு குலைந்துபோகும். புதியது வாங்கலாமே என்று ரிஷி கேட்டதற்கு, "பிள்ளையாரை விட நல்லதாவா?" என்றார் பழனியப்பன். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆயுத பூஜையன்று மதியம் உஷாராணியின் மனம் வேலையில் பாதி, கிள்ளானில் பாதியாக இருந்தது. அன்று மாலை அங்கே கோயில் மேடையில் அவள் மகள் ஜனனி முதல்முறையாக ஆடுகிறாள். "முன் வரிசையில இருங்கம்மா. உங்களைப் பார்த்தாதான் எனக்குப் பயம் போகும்" என்று காலையில் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். செராஸ் கோயிலின் வெள்ளிவிழா மலரோ மறுநாள் காலை இயந்திரத்தில் ஏற வேண்டும். இன்னும் இரண்டு பக்கம் திருத்தினால் கிளம்பிவிடலாம்.

"உஷா, சுண்டலுக்கு உப்புப் பாரும்மா!" என்று பழனியப்பன் கூப்பிட்டார். எழுந்து போய்ப் பார்த்தாள், போதவில்லை, போட்டாள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து அவசரமாகத் தட்டச்சு செய்து சேமித்தாள். திரையில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறியது. மூடித் திறந்தால் கோப்பே திறக்கவில்லை.

"ரிஷி! நீ ஃபைலைத் தொட்டியா?"

"இப்பதான் சேவ் பண்ணேன்க்கா. உங்க மேசையில பிள்ளையார் இல்லையே. முடிச்சிட்டீங்கன்னு நினைச்சேன்."

"இங்கதான்டா இருக்கார்..." என்று திரும்பினாள். இல்லை.

சாமி படத்தின் முன்னால், தாள் வெட்டும் கத்திக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவே, சந்தனப் பொட்டும் அருகம்புல்லுமாக அவர் சௌகரியமாக வீற்றிருந்தார்.

"அவரும் இங்க வேலை பாக்குறவர்தானே," என்றார் பழனியப்பன், தன் தவறு உறைக்கத் தொடங்கிய குரலில். "காலையில எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். நீ உப்புப் பார்க்கப் போனப்பதான் இவர் ஞாபகம் வந்துச்சு. அவரை மட்டும் விடுறதா?"

"அலாமாக்! அவர் லீவு எடுத்தா ஸ்டாஃபுக்குச் சொல்லணும்லா அங்கிள்!" என்று தலையில் கைவைத்தான் ரிஷி.

உஷாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றைய பிரதி இருந்தது. இன்றைய வேலை முழுவதும் போய்விட்டது. காலையில் எடுத்துத் திருத்தம் குறித்திருந்த அச்சுத் தாளைப் பார்த்து மறுபடி அடித்தால் இரவாகிவிடும். மகளிடம் எப்படிச் சொல்வது என்று கைப்பேசியை எடுத்தாள். பிறகு சொல்ல மனமில்லாமல் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க கிளம்புங்கக்கா. நான் அடிக்கிறேன்."

"நீ அடிச்சா குருக்கள் பேரே மாறிப் போகும்டா."

"அதுக்குத்தான் நான் இருக்கேன்," என்றார் பழனியப்பன். "பாதி அவன், பாதி நான்."

"நீங்க கீபோர்டைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு அங்கிள்?"

"இன்னிக்குக் காலையில தொட்டேனே, பொட்டு வைக்க."

ரிஷி நேற்றைய பிரதியை இரண்டாகப் பிரித்தான். ஒரு பாதியைத் தன் கணினியிலும் மறுபாதியை முதலாளியின் கணினியிலும் வைத்தான். ஒருவர் பாதியை மற்றவர் தொடக்கூடாது. கடைசியில் அவன் மட்டுமே இரண்டையும் சேர்ப்பான். கேட்க எளிதாகத்தான் இருந்தது. உஷாராணி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

பழனியப்பன் சுண்டலை ஒரு டப்பாவில் போட்டு அவள் கையில் திணித்தார். "எடுத்தது நான், தவிக்கிறது நீயா? புள்ள தேடும். போம்மா."

தவறு செய்தவர் அதைத் தாமே சுமக்க முன்வந்தால், தடுக்காமல் நகர்ந்து கொடுப்பதும் ஒரு மரியாதைதான். அவள் எழுந்தாள்.

ரயில் ஷா ஆலம் தாண்டும்போது முதலாளியின் குரல் செய்தி வந்தது: "உஷா, இந்த 'ஞ' எங்கேம்மா ஒளிஞ்சிருக்கு?" சொல்லி அனுப்பினாள். சற்று நேரத்தில் ரிஷி எழுதினான்: "அங்கிள் ஒரு பக்கம் முடிச்சிட்டார். கற்பூரம் காட்டலாமான்னு கேக்குறார்."

கோயில் முன் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் உட்காரவும் கைப்பேசி அதிர்ந்தது. "சேர்த்தாச்சுக்கா. நல்லாத் திறக்குது. குருக்கள் பேரைப் பாருங்க" என்று பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தாள். பெயர் சரியாகவே இருந்தது.

மேடையில் விளக்கு எரிந்தது. ஜனனியின் கண்கள் பின் வரிசையில் தேடி, நடு வரிசையில் தேடி, முன்னால் வந்து நின்றன. உஷாராணி சுண்டல் டப்பாவைச் சற்று உயர்த்திக் காட்டினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டே ஜனனி முதல் அடியைத் தட்டினாள்.