ஆள் வராவிட்டால் ஒன்றுமில்லை

இரும்புக் கேற்றை யாரோ உள்ளங்கையால் படார் படாரென்று அடித்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் அந்த ஒழுங்கையில் மணியை அழுத்தாமல் கேற்றை அடிக்கிறவர்கள் இரண்டு வகை. ஒன்று மீன்காரன். அவன் காலையிலேயே வந்து போய்விட்டான்.

மாடியில் வாடகைக்கு இருந்த வங்கிக்காரர் நாகேந்திரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் பாய்ந்தார். கீழே அறையெடுத்துக் கம்பஸில் படிக்கும் கௌரி குசினிச் சுவரோடு ஒட்டி நின்றாள். வீட்டுக்காரி இரத்தினம்மா மட்டும் அவசரப்படவில்லை. கொண்டையை முடிந்து, முகத்தில் ஒரு நோயாளிக் களையை வரவழைத்துக்கொண்டு போய்த் திறந்தார்.

வெளியே சாதாரண சட்டை, காற்சட்டையில் ஒரே ஒருவன். சிங்களத்தில் நாகேந்திரத்தைக் கேட்டான்.

"எயா கனடாவட்ட கியா, மாத்தையா," அவர் கனடாவுக்குப் போய்விட்டார் ஐயா, என்றார் இரத்தினம்மா. போனவனை நினைத்து ஏங்குகிறவர் மாதிரி சேலைத் தலைப்பால் கண்ணையும் ஒற்றிக்கொண்டார். வந்தவன் வீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த வீட்டின் சட்டம் அது. சீருடையில் கூட்டமாக வந்தால் எல்லாரையும் வரிசையாகக் காட்டவேண்டும். சாதாரண உடுப்பில் தனியாக வந்து பெயர் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயரில் ஒருவர் அங்கே இல்லை. நாலு வீடு தள்ளி, "ஓம், உள்ள நிக்கிறான்" என்று உண்மை சொன்ன ஒரு தாய் இன்றைக்கும் ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

"கனடாவுக்கு அனுப்பினது சரி அன்ரி," என்று கீழே வந்தார் நாகேந்திரம். "அங்க சரியான குளிராம். ஒரு ஜக்கெற்றும் தந்து விட்டிருக்கலாம்."

"பகிடி விடாதையும். நாளைக்கே வேற அறை பாரும். ஒருக்கா வந்தவன் திரும்பவும் வருவான்."

கௌரியும் சிரித்தாள். அன்றைக்கு அவளால் சிரிக்க முடிந்ததே பெரிய காரியம். காலையில்தான் யாருக்கும் சொல்லாமல் மருதானைப் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

எல்லாம் கம்பஸுக்கு வந்து பேசிய ஒரு டொக்டரால் தொடங்கியது. பாலியல் நோய்கள் பற்றிய பேச்சு. பின்வரிசைப் பெடியள் விசிலடித்தார்கள். பெட்டைகள் தலை நிமிராமல் கொப்பியில் பூக்கோலம் போட்டார்கள். டொக்டர் எதையும் பொருட்படுத்தவில்லை. சிபிலிஸ் புண் வலிக்காது, தானாகவே ஆறிவிடும், ஆனால் நோய் உள்ளே இருக்கும் என்றார். ஊசி போட்டால் சுகம். விட்டுவிட்டால் பிறகு வயிற்றில் வரும் பிள்ளையையும் பிடிக்கும்.

கௌரி பேனையைக் கீழே வைத்தாள். வலிக்காத புண் ஒன்று அவளுக்கு வந்து ஆறி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் நெருங்கிப் பழகிய ஆண் ஒரே ஒருவன்தான். அவளோடு படிக்கும் ஸ்ரீஸ்கந்தராசா. கொட்டாஞ்சேனையில் அவன் எடுத்திருந்த அறையில் வைத்தே கேட்டாள்.

"விசரே உமக்கு? என்னைப் பாத்தா வருத்தக்காரன் மாதிரியே கிடக்கு?" என்று பாய்ந்தான். பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பெடியளோட ஒருக்கா அப்பிடியொரு இடத்துக்குப் போனனான். ஒரே ஒருக்கா. நல்ல குடிவெறி."

"அப்ப வாருமன், ரெண்டு பேரும் போய்க் காட்டுவம்."

"அந்த வாசல்ல ஆரும் கண்டால் என்ர மானம் என்னாகிறது? வேணுமெண்டால் நீர் போம்."

அவள் போனாள். அங்கே தமிழ் கதைக்கத் தெரிந்தவர் லுத்பியா என்ற தாதி. ஊசி குத்தியது தெரியாமல் இரத்தம் எடுத்தார்.

"ரெண்டு கெழமையில வாங்க மகள். வராட்டி கடிதம் போடுவோம்."

"ஐயோ, கடிதம் வேண்டாம் மிஸ்!" கௌரி அழுதேவிட்டாள். "வீட்டுக்கார அன்ரி கண்டால் யாழ்ப்பாணத்தில அம்மா வரைக்கும் போயிடும். நான் செத்திடுவன்."

"சரி சரி, அழ வாணாம். கடிதம் போடல்ல. ரிப்போட்ல ஏதும் இருந்தா மட்டும் எங்கட ஆளொருத்தர் வீட்டுக்கு வருவார். எங்கேந்து வாராருன்டு ஒருத்தருக்கும் சொல்ல மாட்டார். ஒங்கள்ட்ட மட்டும்தான் பேசுவார். போதுமா?"

"ஒண்டும் இல்லாட்டி?"

"ஒண்டும் இல்லாட்டி ஏன் மகள் வாரது?"

இரண்டு கிழமை கழித்து அவள் புறப்பட்டது உண்மை. முதல் நாள் எங்கோ குண்டு வெடித்திருந்தது. பொரளைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். எங்கே போகிறாய் என்று பொலிஸ்காரி கேட்டாள். நூலகத்துக்கு என்றாள் கௌரி. அந்தப் பஸ் நூலகம் இருக்கும் பக்கம் போவதேயில்லை. கிளினிக் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. புலி என்று சந்தேகப்படுவதைப் பொறுக்கலாம், அதை எப்படிச் சொல்வது? மறுநாள் இரத்தினம்மா ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு வந்து கத்தும்வரை பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் இருந்தாள்.

அதற்குப் பிறகு கம்பஸைத் தாண்டி எந்தப் பஸ்ஸிலும் அவள் தனியாக ஏறவில்லை.

ஏன் ஏறவேண்டும்? ஏதும் இருந்தால் ஆள் வரும். கம்பஸிலிருந்து வந்ததும் இரத்தினம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அந்த முகத்தில் ஒன்றும் இராது. "சாப்பாடு மூடிக் கிடக்கு, போட்டுச் சாப்பிடு" என்பார். ஒருமுறை உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் கிளம்பின. சில நாளில் மறைந்தும் போயின. தீபாவளி வந்தது, மார்கழியில் நத்தார் வந்தது. ஆள் வரவில்லை. ஒண்டும் இல்லாட்டி ஏன் வாரது? படுக்கும்போது அதைத் தேவாரம் மாதிரிச் சொல்லிக்கொண்டு படுத்தாள்.

"நான் அப்பவே சொன்னனான்தானே," என்றான் ஸ்ரீ.

பொங்கலோடு அவளுக்கு மாதவிலக்கு நின்றது. இழுத்தடிக்க முடியாமல் மாசியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் கிடைக்காததால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. நாகேந்திரம் விட்டுப்போன மாடி அறையை இரத்தினம்மா அவர்களுக்குக் கொடுத்தார். பிள்ளைத்தாச்சிகள் போகும் கிளினிக்குக்கு வா வா என்று அவரே கூப்பிட்டார். கௌரி நாளைக்கு, அடுத்த கிழமை என்று தள்ளிக்கொண்டே போனாள். போனால் எத்தனை மாதம் என்று எழுதுவார்கள். கல்யாணத் திகதிக்கும் அந்தக் கணக்குக்கும் ஒத்துவராது. அம்மாவிடம் அது போய்ச் சேராமல் இராது.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் பிள்ளை அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் செத்துப் பிறந்தது பெண் பிள்ளை. துணியில் சுற்றியிருந்ததை விலக்கிப் பார்க்கவேண்டாம் என்றார்கள். அவள் விலக்கிப் பார்த்தாள். உரிந்துபோன சின்னக் கை ஒன்றைக் கண்டதும் மூடிவிட்டாள்.

இரத்தப் பரிசோதனை முடிவோடு வந்த டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். "நேரத்துக்கு ஊசி போட்டிருந்தால் இந்தப் பிள்ளை இருந்திருக்கும்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, புருஷனுக்கும் சோதிக்கவேண்டும் என்றார். கதவடியில் நின்ற ஸ்ரீ அதைக் கேட்டான். படியிறங்கிப் போனவன், பார்க்க வருகிறவர்களின் நேரம் தொடங்கியும் திரும்பி வரவில்லை.

கௌரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். லுத்பியா மறந்துபோனாரா? வேண்டுமென்றே பொய் சொன்னாரா? சிரித்த முகத்தோடு 'மகள், மகள்' என்று சொன்னவர்!

கோப்பிப் போத்தலோடு இரத்தினம்மா வந்து கட்டிலோரம் இருந்தார். தலையைத் தடவினார்.

"அழாதை பிள்ளை. ஸ்ரீ எங்க?"

"தெரியாது அன்ரி." கௌரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "வாறம் எண்டு சொன்னவை. என்னைத் தேடி ஒருத்தரும் வரேல்லை அன்ரி. ஒருத்தரும் வரேல்லை!"

புருஷன் வராததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்த இரத்தினம்மாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நெருங்கி வந்து, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஆர் வராட்டியும் நான் இருக்கிறன், மோனை. அண்டைக்குப் பொலிஸ்ல இருந்து உன்னை எடுத்த பிறகு, சிவில் உடுப்பில ஒருத்தன் உன்ர பேரைச் சொல்லிக்கொண்டு மூண்டு தரம் கேற்றடிக்கு வந்தவன். நீ பயந்து படிப்பைக் குழப்பிப்போடுவாய் எண்டு உனக்குக்கூடச் சொல்லாமல், கௌரியும் கனடாவுக்குப் போயிட்டாள் எண்டு நான்தானே அவனைத் துரத்திவிட்டனான்!"