அவசரத்துக்கு யாரும் சொல்லலாம்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்குக் குருபரப்பள்ளி அருகே, ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், தக்காளி ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பின்னால் நின்றுபோன பேருந்து ஒன்றில் கிருஷ்ணகிரி லுத்தரன் சபையின் போதகர் இளம்பரிதி உட்கார்ந்திருந்தார்.

அவர் போன் செய்தபோது ஓசூரை அடுத்த மத்திகிரியில் சலோமி தன் அப்பாவை ஒருக்களித்துப் புரட்டி, அடியில் நனைந்திருந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"எவ்ளோ நேரம் ஆகுங்க ஐயரே?" சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கிரேன் வரணுமாம்மா. இங்க பாதி சனம் எறங்கி தக்காளி பொறுக்கிட்டு இருக்குது. அப்பா எப்படி இருக்காரு?"

"மூச்சு விட்டு விட்டு வருதுங்க. உங்களத்தான் கேட்டுட்டே இருக்காரு."

கட்டிலில் கிடந்த சௌந்தரராஜனுக்கு எழுபத்து நான்கு வயது. கால்நடைப் பண்ணையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார். போதகர் கிருஷ்ணகிரியிலிருந்து மாதம் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அந்தச் சின்ன சபைக்குப் பிரசங்கமும் வேதபாட வகுப்பும் இவர்தான். மனந்திரும்புதல், விசுவாசம், மன்னிப்பு என்று மூன்று விரல்களை மடக்கிக் காட்டாமல் அவர் எந்தப் பிரசங்கத்தையும் முடித்ததில்லை. மாடுகளை அதட்டிப் பழகிய குரல். மைக் தேவைப்பட்டதில்லை. இருதயம் பலவீனமாகி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, "இனிமே வீட்டுலயே வச்சிப் பாத்துக்குங்க" என்று டாக்டர் சொல்லி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மூன்று மாதமாக மகளின் வாடகை வீட்டில் இருந்தார். அந்த மூன்று மாதத்தில் மாத்திரை, கஞ்சி, வெந்நீர், பாத்ரூம் தவிர வேறு எதைப் பற்றியும் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

"வந்துட்டாராம்மா?" என்றார் சௌந்தரராஜன்.

"வந்துட்டே இருக்காரு."

"பாவ அறிக்கை பண்ணணும். அதக் கேட்டுட்டு அவரு மன்னிப்பு சொல்லணும். அது இல்லாம…" மீதி வரவில்லை.

வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரம்மா மங்கம்மா, "போன்லயே சொல்லச் சொல்லு பாப்பா. இப்பல்லாம் கல்யாணமே போன்லதான் பாக்கறாங்க" என்றாள்.

சலோமி ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அப்பாவின் காதருகே வைத்தாள். போதகர் ஏதோ ஆரம்பித்தார். பின்னால் ஒரு லாரிக்காரன் கையை எடுக்காமல் ஹாரன் அடித்தான். நாலு கிலோ எடுத்துக்கோ என்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் கத்தியது. சௌந்தரராஜன் கண்ணைச் சுருக்கிக் கேட்டுப் பார்த்தார். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எதுவும் கேக்கல. யாரு பேசறாங்கன்னே தெரியல."

சலோமி போனோடு பின்பக்கம் போனாள்.

"அம்மா," என்றார் போதகர், "நான் எறங்கி நடந்தே வர்றேன். லாரிக்கு அந்தாண்ட ஏதாச்சும் வண்டி கெடைக்கும். ஆனா அதுவரைக்கும் தாங்குவாரான்னு தெரியல. நீங்களே சொல்லலாம்மா. அவசரத்துக்கு, விசுவாசி யாரும் சொல்லலாம். அப்பாவே இத வகுப்புல நடத்தியிருப்பாரு."

"என்னத்தான் சபைய விட்டுத் தள்ளி வச்சீங்களே ஐயரே."

"பந்திக்கு வரக் கூடாதுன்னுதான் சொல்லுச்சு சபை. ஞானஸ்நானத்த யாராலயும் கழட்ட முடியாதும்மா."

அவள் போனை வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

தொழிற்பேட்டையில் ஒரே லைனில் வேலை செய்த மாதேஷை அவள் கட்டிக்கொண்டது இந்துக் கோவிலில். அதற்கடுத்த ஞாயிறு, அவள் மனந்திரும்பும்வரை நற்கருணைப் பந்தியில் அவளுக்கு இடமில்லை என்ற அறிவிப்பை வாசித்தது உபதேசியார்தான், அவளுடைய அப்பா. அதை அவள் தாங்கிக்கொண்டாள். சட்டம் அவளுக்கும் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஏழாம் மாதத்தில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். "வந்து ஞானஸ்நானம் குடுத்துட்டுப் போங்கப்பா." அவர் சொன்னார்: "முதல்ல நீ சபை முன்னாடி நின்னு மனந்திரும்பு. அப்புறம் வர்றேன்." நாலாம் நாள் விடியற்காலை குழந்தை இறந்தது. மத்தூர் பக்கம் மாதேஷின் காட்டு வரப்போரம் புதைத்தார்கள்.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்றும் உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் விசுவாசி யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே மனப்பாடம். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. அவள் ஊற்றவில்லை. அப்பா வந்து ஊற்றவேண்டும் என்று காத்திருந்தாள். வராமல் இருக்கமாட்டார் என்று நினைத்தாள்.

உள்ளே மங்கம்மாவின் குரல் கேட்டது. "பெரியவரே, என்னா சொல்லணும்? நான் சொல்றேன். எல்லாம் மன்னிச்சாச்சு, நிம்மதியா இருங்க. போதுமா?"

அவர் ஏதோ முனகினார்.

"போதாதா? உங்க சாமிக்கு எல்லாத்துக்கும் ஒரு முற இருக்குதுப்பா."

சலோமி எழுந்து உள்ளே வந்தாள். அப்பாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ஈரத்துணியால் வாயோரம் துடைத்தாள்.

"ஐயரு வர நேரமாகும்பா. என்கிட்டச் சொல்றீங்களா?"

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். அப்புறம் மங்கம்மா பக்கம் கண்ணை ஓட்டினார்.

"நான் போறேன், போறேன். உங்க சாமி ரகசியம் எனக்கெதுக்கு," என்று மங்கம்மா எழுந்தாள். வெளியே போய்க் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றாள். அவள் புடவைத் தலைப்பு இடுக்கில் தெரிந்தது.

"அந்தக் கொழந்தைக்கு," என்றார் சௌந்தரராஜன். மூச்சு வாங்கினார். "நான் வரல."

சலோமி துணியைக் கிண்ணத்தில் போட்டுப் பிழிந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் குழந்தை அவர் வாயில் வருவது அதுதான் முதல் தடவை.

"கிருபைக்கு வெல கெடையாதுன்னு முப்பது வருஷம் பிரசங்கம் பண்ணேன். உங்கிட்ட மட்டும் வெல கேட்டேன். மனந்திரும்பினாத்தான் தண்ணி ஊத்துவேன்னேன். கண்ணாடிப் பொட்டியில கெடக்கற கொழந்த என்னாத்த மனந்திரும்பும்? அது ஒழுங்கு நடவடிக்க இல்லம்மா. பாவம்."

"அது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"போன வச்ச ஒடனே."

கிண்ணத்துத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப ஏன் வரல? இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"உபதேசியாரு…" என்றார். "உபதேசியாரு எப்டி சொல்றது?"

தெருவில் மினரல் வாட்டர் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"பேரு வச்சிருந்தியா?"

"வச்சேன்."

"என்னா பேரு?"

"அத உங்ககிட்டச் சொல்லமாட்டேன்."

அவர் இமைகள் ஒருமுறை தாழ்ந்து எழுந்தன.

"அப்பா, எனக்கு மனசு ஆறல," என்றாள் சலோமி. "உங்களுக்குக் கஞ்சி ஊத்தறப்பகூட ஆறல. இப்பிடி இருந்துட்டு நான் சொன்னா அது செல்லுமா?"

பதில் சொல்ல அவருக்கு நாலு மூச்சு தேவைப்பட்டது.

"சொல்றவங்க மனசுல இல்லம்மா அது இருக்கறது. மனசுல இருந்திருந்தா… நான் சொன்ன மன்னிப்பு ஒண்ணாச்சும் நின்னிருக்குமா?"

கூரை விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்று ஒலித்தது. மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடிக்கொண்டே போவதை அவள் அந்த ஒலியை வைத்துத்தான் கவனித்தாள். மூன்று டக்குக்கு ஒரு மூச்சு. பிறகு நாலு. போதகர் எங்கே நடந்துகொண்டிருக்கிறாரோ. காத்திருக்கலாம். அவர் வந்து சொன்னால் அது அவர் வேலை, அவளுக்கு ஒன்றுமில்லை. காத்திருந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் தலைமேல் வைத்தாள். மண்டை சூடாக இருந்தது. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். அப்பாவின் பெயரை அவர் முகத்துக்கு நேரே அவள் சொன்னதே கிடையாது. பள்ளிக்கூடப் படிவத்தில் எழுதியதோடு சரி.

"சௌந்தரராஜன்," என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"இயேசு கிறிஸ்துவினிமித்தம் உன் பாவங்கள்…" கனைத்துக்கொண்டாள். "உன் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்பட்டது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே." அப்புறம் மன்னிப்பு சொல்லும் முறையில் வரும் அந்தக் கடைசிக் கேள்வி. அதை விட்டுவிட முடியாது. "இத நான் சொல்லல, தேவன் சொல்றாருன்னு நம்பறீங்களா?"

ஐந்து டக். ஆறு.

"ஆமென்," என்றார். சத்தம் வரவில்லை; உதடு அப்படித்தான் அசைந்தது.

கையை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள். விசிறியை எண்ணுவதை எப்போது விட்டாள் என்பதும் தெரியவில்லை. மங்கம்மா உள்ளே வந்து, அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "அய்யோ தேவுடா" என்று தெலுங்கில் மெதுவாகச் சொன்னாள். மணி பன்னிரண்டு ஐம்பது.

போதகர் வரும்போது இரண்டேகால். காலணியில் தக்காளித் தோல் ஒட்டியிருந்தது. வேட்டி கட்டி, துணி போர்த்தி, மோவாயைச் சேர்த்துக் கட்டியிருந்த உடலுக்குப் பக்கத்தில் நின்று ஜெபம் செய்தார். மாதேஷ் ஷிப்ட் முடிந்து, கம்பெனி லாக்கரிலிருந்து போனை எடுத்துப் பார்த்து, அப்படியே யூனிஃபார்மோடு ஓடிவந்திருந்தான். ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்ல வெளியே போனான்.

"சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார் போதகர்.

"சொன்னேங்க."

"கேட்டாரா?"

"ஆமென் சொன்னாரு."

"உங்களுக்கு மனசு ஆறிச்சாம்மா?"

சலோமி, மங்கம்மா கொண்டுவந்த காபியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குடித்துவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். அடக்க ஆராதனையில் இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை வாசிப்பது சபை வழக்கம். பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், வேலைக்குச் சேர்ந்த வருஷம், மனைவி இறந்த வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். சலோமி தேதிகளைத் தப்பில்லாமல் சொன்னாள்.

"பிள்ளைகள்?"

"நான் ஒருத்திதான்."

"பேரப்பிள்ளைகள்?" கேட்டுவிட்டு, அவருக்கே ஞாபகம் வந்து, பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"ஒண்ணு," என்றாள் சலோமி.

பேனா நின்றது.

"பேரன். நாலு நாள் இருந்தான்." பெயரைச் சொன்னாள்.

"ஞானஸ்நானம்?"

"இல்லீங்க."

போதகர் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.

மறுநாள், புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அடக்க ஆராதனை நடந்தது. அறுபது பேர் வரை வந்திருந்தார்கள். மகள் சலோமி, மருமகன் மாதேஷ், பேரன் தானியேல் கங்கப்பன் என்று போதகர் வாசித்தார். பின் வரிசையில் இரண்டு பேர் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர் தாளை மடித்தார். சபையார் பாட எழுந்து நின்றார்கள்.