மலாக்கிக்காக ஓர் உபவாசம்

வீட்டுத் தராசு மலாக்கியைத் தாங்காது. ஏறி நின்றால் முள் கடைசி எண்ணைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் சர்ச் சமையலறையில் சேப்பங்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில், ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏறினான். அவனுடைய கெட்ட நேரம், பாதிரியாரின் மனைவி தெயுயிலா உப்பு எடுக்க உள்ளே வந்தாள்.

"என்னடா, கிழங்கு விலைக்கு உன்னையே வித்துடலாம்னு பாக்குறியா?"

மறைக்க வழியில்லை. கிடங்கு வேலை போனதிலிருந்து சும்மா இருக்கிறான். நாங்கள் குடியிருக்கும் ஆஸ்திரேலியாவின் லோகன் நகரில் தபால்காரர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். தபால் கொண்டுபோகும் மூன்று சக்கர வண்டி இவ்வளவுதான் தாங்கும் என்று ஓர் அளவு இருக்கிறது. இவன் அதற்கு மேல் எட்டு கிலோ. விண்ணப்பத்தில் எடையை எழுத வேண்டும், பிறகு நிறுத்தும் பார்ப்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது.

எங்கள் சாமோவாத் தீவு ஆட்களிடம் ஒரு கஷ்டத்தைச் சொன்னால் அது அப்புறம் நம்முடையது இல்லை, ஊருடையது. அடுத்த ஞாயிறே பாதிரியார் மேடையிலிருந்து, "ஆண்டவரே, மலாக்கியின் எடையைக் குறைத்தருளும்" என்று ஜெபித்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. மலாக்கி பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் அம்மா லுப்பே மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மகன் சீருடை போடப்போகிறானே!

அவனும் சும்மா இருக்கவில்லை. அவித்த முட்டைக்கோஸைத் தின்றான். தங்கை மகளின் சைக்கிளை வாங்கித் தெருத்தெருவாக மிதித்தான். ஆறு கிலோ இறங்கியது, பாக்கி இரண்டு இறங்கவே மாட்டேன் என்றது. திங்கட்கிழமை விண்ணப்பிக்கக் கடைசி நாள். அதனால் சனிக்கிழமை சபை முழுவதும் அவனுக்காக உபவாசம் என்று முடிவானது. நோயாளிகளுக்காகவும் புயலில் வீடிழந்தவர்களுக்காகவும் பட்டினி கிடந்த சபை, ஒருத்தன் தொப்பைக்காகக் கிடப்பது அதுதான் முதல் தடவை. லுப்பே சர்க்கரை வியாதிக்காரி. வேண்டாம் என்று பாதிரியாரே சொன்னார், அவள் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், சைக்கிளில் போன மலாக்கியை மீன் வறுவல் கடையின் வாசனை இழுத்துப் பிடித்தது. ஒரு துண்டு மட்டும் என்றுதான் இறங்கினான். கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டி மறைவில் நின்று, மூன்று துண்டு மீனும் ஒரு பொட்டலம் சிப்ஸும் தின்று தீர்த்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். இவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் தின்றான்.

சாயங்காலம் சபைக்கூடத்தில் எல்லாரும் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். லுப்பே உதடு காய்ந்து, மகனிடம் மெல்ல நடந்து வந்தாள். அவன் சட்டைக் காலரில் தக்காளி சாஸ். ஒரு கணம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் அதை அழுத்தித் துடைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"என் புள்ளையப் பாருங்க, காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல."

பொய்யே பேசாதவள். மலாக்கிக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

தராசில் ஏற்றினார்கள். இரண்டு கிலோ அப்படியே நின்றது. மூப்பர் உய்லி தராசை ஓர் உதை விட்டார். "இது எப்பவுமே புளுகும்."

"அதுக்கென்ன, நாளைக்கும் உபவாசம் இருப்போம்," என்றாள் தெயுயிலா. "ஒரு ஞாயித்துக்கெழம விருந்து இல்லேன்னா உசுரா போயிடும்?"

இலையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிய பொட்டலங்கள் மறுநாள் விருந்துக்காகத் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டே அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

"தராசு புளுகல," என்றான் மலாக்கி. "நான்தான். மத்தியானம் தின்னேன். மீனும் சிப்ஸும்."

ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. லுப்பேயைப் பார்த்தார்கள். அவள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெயுயிலா கொண்டுவந்த பழச்சாற்றை இரண்டு மிடறு குடித்தாள்.

"நாளைக்கும் நான் இருக்கேன்," என்றாள். "அவனுக்கு வேல கெடைக்கணும்ல."

யாராவது திட்டியிருந்தால் மலாக்கி தாங்கியிருப்பான். ஒருத்தி எழுந்து, விருந்துத் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு குளிர்பெட்டிப் பக்கம் நடந்தாள். பின்னால் இன்னொருத்தி. மூப்பர் உய்லி கனமான தட்டு ஒன்றை எடுத்து, இரண்டடி வைத்து நின்றார்.

"இதக் கொஞ்சம் பிடிப்பா. எனக்குக் கை நடுங்குது."

மலாக்கி வாங்கிக்கொண்டான். அந்தக் கூடத்தில் கை நடுங்காமல் நின்றவன் அவன் ஒருத்தன்தான்.