ஏழாம் நம்பர் மெஷினுக்கு முன்னால்

சாப்பாட்டு மணி அடித்ததும் பட்டறையில் ஈ காக்கை இல்லை. தொழிலாளர்களின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்திருந்த போட்டோக்காரி ஏழாம் நம்பர் மெஷின் முன்னால் மண்டியிட்டாள். அவள் அண்ணனின் மூன்று விரல்களைத் தின்ற மெஷின் அது. விபத்து நடந்த அன்று காலையில் பாதுகாப்பு மூடியைக் கழற்றியதே அவன்தான் என்று கம்பெனி சாதித்து, வேலையைவிட்டுத் துரத்திவிட்டது. மூடி மாட்டும் போல்ட் துளைகள் நான்கிலும் துரு அப்பிக் கிடந்தது. அவை போல்ட்டைப் பார்த்து வருஷமாகியிருக்கும். இல்லாத மூடியை அண்ணன் எப்படிக் கழற்றியிருப்பான்? சாப்பாடு முடிந்ததும் துருவைத் தேய்த்துப் புது மூடி மாட்டப்போகிறார்கள்.

"சீக்கிரம்மா," என்றார் வாசலில் அவளுக்காகக் காவல் நின்ற கிரீஸ்காரர், அண்ணனின் பழைய கூட்டாளி. "மேஸ்திரி எருமை மாதிரி அசை போடுறான். முடிச்சிடுவான்."

"சும்மா இருங்கண்ணே. வெளிச்சம் பத்தல."

நம்பர் தகடு முன்னால், துளைகள் ஒரு முழம் பின்னால். லென்ஸின் வாயை அகலத் திறந்தால் வெளிச்சம் கொட்டும். ஆனால் நம்பர் தெளிந்தால் துளை மங்கும், துளை தெளிந்தால் நம்பர் மங்கும். வாயைச் சுருக்கினால் இரண்டும் தெளியும். ஆனால் இந்த இருட்டில் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். நாலு செகண்ட் ஆடாமல் பிடிக்கணும். ஃபிளாஷ் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும்.

வாயைச் சுருக்கினாள். கேமராவைத் தான் கொண்டுவந்த பெட்டிமேல் அழுத்தி ஷட்டரைத் திறந்தாள். ஒன்று. இரண்டு.

"மேஸ்திரி!" கிரீஸ்காரர் ஓட்டமெடுத்தார்.

திடுக்கிட்டதில் கேமரா ஆடியது. படம் முழுக்கக் கஞ்சிபோல் கலங்கிவிட்டது.

"இங்க என்னடி பண்றே?"

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றான்.

"உங்க படம்தான் சார் பாக்கி. வெளிச்சம் பாத்தேன்."

கேமராவைப் பிடுங்கிப் பார்த்தான். கலங்கல்தான் தெரிந்தது. "இதுக்கா உனக்குக் கூலி? சரி, இங்கயே எடு. ஆனா படத்துல மெஷின் விழக் கூடாது."

"விழாது சார். காலையில எடுத்த படத்துல எல்லாம் பின்னாடி மங்கலா இருந்துச்சே, பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தான். மெஷினுக்கு முன்னால் வந்து தலையைக் கோதிக்கொண்டான்.

"கொஞ்சம் இடது பக்கம் சார். ஃபிளாஷ் போட்டுக்கவா?"

"போடு, போடு. கருப்பா விழுந்துடப் போறேன்."

லென்ஸின் வாயை அவள் திறக்கவில்லை. சுருக்கியது சுருக்கியபடியே இருந்தது. பொத்தானை அழுத்தினாள். பளிச்சென்று ஒரு வெட்டு.

"காட்டு."

அவன் முகம் மட்டும் திரையை அடைக்கும்படி பெரிதாக்கி நீட்டினாள். விரல் தவறினால் படம் சுருங்கி எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"பரவால்ல, ஆள் மாதிரி இருக்கேன்." விசிலடித்துக்கொண்டே போனான்.

அவன் காலடி ஓய்ந்ததும் முழுப் படத்தையும் பார்த்தாள். ஏழு என்ற எண். துருப்பிடித்த நான்கு துளைகள். எல்லாம் தெளிவு. நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு மேஸ்திரி.