மார்பில் தையல் இல்லை

என் மகளுக்கு இரண்டு மாதம். பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்னக் குழாய் அவள் இதயத்துக்குப் பக்கத்தில் திறந்தே கிடந்தது. நுரையீரலுக்கு ரத்தம் தறிகெட்டுப் பாய்ந்தது. கொஞ்சம் பால் குடிப்பதற்குள் மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், அப்படியே சோர்ந்துவிடுவாள். அழக்கூடத் தெம்பில்லை. இப்படியே விட்டால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலையில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். போர்வையை விலக்கிப் பார்த்தேன். மார்பில் கீறல் இல்லை, தையல் இல்லை. முடியாதென்று கைவிட்டுவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் தைரியமில்லை என்று நினைத்தேன். நான் பிளம்பர். சுவரை உடைக்காமல் உள்குழாயை அடைத்த ஆளை நான் பார்த்ததே இல்லை.

“என்னம்மா, ஆபரேஷன்னு சொல்லிட்டு சும்மா தூக்கிட்டு வந்திருக்கீங்க? யார் காதுல பூ சுத்துறீங்க?” என்று நர்ஸிடம் எகிறினேன்.

“ஏங்க, மெதுவாப் பேசுங்க” என்று மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நர்ஸ் குழந்தையின் தொடையிடுக்கைக் காட்டினாள். துளியூண்டு பிளாஸ்திரி. “இது வழியாத்தான் போனாங்க.”

“இது வழியா இதயத்துக்கா? வேற ஆளப் பாருங்கம்மா!”

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். திட்டுவார் என்று பார்த்தால், என்னை அழைத்துப்போய்த் திரையில் படம் ஓட்டினார். நூல் போன்ற குழாய் ஒன்று தொடையிலிருந்து ஏறியது. துடிக்கிற இதயத்துக்குள் நுழைந்து, வளைந்து, அந்தத் திறப்பை எட்டியது. அதன் நுனியிலிருந்து பட்டாணியைவிடச் சின்ன கம்பிவலை ஒன்று விரிந்து உட்கார்ந்தது. ரத்த ஓட்டம் தெரிவதற்காக ஏற்றி, கறுப்பாகப் பாய்ந்துகொண்டிருந்த சாயமருந்து அங்கே நின்றுவிட்டது.

“மெயின் வால்வ மூடாமலேயா அடைச்சீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“அத மூட முடியுமா? ஓடும்போதேதான் அடைக்கணும்” என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடேயப்பா, இதுவும் மனுஷன் கைதானா! கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் மனைவி பால் கொடுத்தாள். மகள் நிறுத்தாமல் குடித்தாள். நெற்றி வியர்க்கவில்லை. நடுவில் பக்கம் மாற்ற எடுத்ததும் வீறிட்டாளே ஒரு வீறிடல்! வார்டே திரும்பிப் பார்த்தது. அவளுடைய முழுக் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம்.

“சீக்கிரம் குடு, அழுறா பாரு” என்று பதறினேன்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் அழட்டுங்க. கேட்டுக்கிறேன்.”