தூரிகை கழுவிய தண்ணீர்

வாருங்கள், அன்பர்களே! கூடத்தைக் கடந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சிற்றறைக்குள் எட்டிப் பாருங்கள். இங்கே ஒரு குற்றம் நடந்திருக்கிறது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. எந்தக் காவலரும் வந்து விசாரிக்கப் போவதில்லை. ஆகவே நீங்களே சாட்சியாக நில்லுங்கள். மேசையின்மேல், கட்டைவிரல் உயரத்தில் ஒரு விளையாட்டுப் படை நிற்கிறதே, அதில் முரசு கொட்டுபவன் ஒருவனுக்கு மட்டும் வெண்கலக் கவசம். மற்றவர் எல்லாரும் வெறும் கறுப்பு அடிப்பூச்சோடு, தையற்காரன் ஏமாற்றிவிட்ட கல்யாண வீட்டார்போல், சில ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறார்கள். படையின் மறுபாதி இந்த வீட்டில் இல்லை. அதற்கு வண்ணம் தீட்டியவனும் இல்லை.

அவன் இவ்வீட்டின் மகன். தன் மனத்துக்குப் பிடித்தவளை மணந்தான். அவள் 'நம்ம ஆளுங்க' இல்லை. அவ்வளவுதான் அவன் செய்தது. தந்தை வாசலைக் காட்டினார். ஒருவனை நாடு கடத்த அரசனுக்குக்கூட ஒரு சபை வேண்டும். அப்பாவுக்கு ஒரு விரல் போதுமாயிருந்தது. மகளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்: "அவனோட ஒரு வார்த்தை பேசினேன்னு தெரிஞ்சாலும் நீ என் முகத்துல முழிக்கக் கூடாது."

போகும்போது அண்ணன், தீட்டி முடித்த வீரர்களை எடுத்துக்கொண்டான். முரசுக்காரனை மட்டும் தங்கையின் உள்ளங்கையில் வைத்தான். "மாதிரிக்கு இவன் இருக்கட்டும். இவனைப் பார்த்து மிச்சத்தை முடிச்சு வை."

அவள் முடிக்கவில்லை. மூடியைத் திறந்தாலே அந்த வண்ணத்தின் வாடை, எதிரில் அண்ணன் உட்கார்ந்திருப்பதுபோல் எழும்பும்; உடனே மூடிவிடுவாள்.

இப்போது எதற்காகத் தூரிகையை எடுத்தாள்? வண்ணக்கடைக்காரர் சொன்ன சேதிக்காக. எதைக் கேட்டாலும் "ஒரு சொட்டுப் பித்தளை சேர்த்துப் பாருங்க" என்பதால் அந்த மனிதருக்குப் 'பித்தளை' என்றே பட்டப்பெயர்.

"பொம்மைப்படைப் போட்டியில உங்க அண்ணன் ஜோடி ஆட்டத்துக்குப் பேரு குடுத்திருக்காரும்மா. பக்கத்து நாற்காலி காலியா இருக்கு. வேற யாரையும் போட மாட்டேங்குறாரு."

"நான் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பேசத்தானே கூடாது? பகடை உருட்டக் கூடாதுன்னு யாரு சொன்னா? ஆனா ஒண்ணு, ரெண்டு பாதியும் ஒரே படையாத் தெரியணும். நிறம் ஒட்டலைன்னா நடுவர் மேசையிலயே சேர்க்க மாட்டாரு. ஒரு சொட்டுப் பித்தளை..."

"தெரியும், தெரியும்!"

நிறம் பொருத்துவது அவளுடைய தொழில். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில், ஒருவர் வாயிலிருக்கும் முப்பத்தோரு பற்களோடு புதிய ஒன்றை யாரும் கண்டுபிடிக்க முடியாமல் சேர்த்துவிடுகிறவள். அதனாலேயே அண்ணன் அவளைப் 'பல்லி' என்று கூப்பிட்டான். ஆனால் கட்டைவிரல் உயரப் பொம்மை அந்தக் கையையே மண்ணைக் கவ்வ வைத்தது. பித்தளையில் செம்பைக் கலந்தாள், செங்கல்லாய்ச் சிவந்தது. வெள்ளியைக் கூட்டினாள், தகர டப்பாவாய்ப் பல்லிளித்தது. பழுப்பு அடிப்பூச்சின்மேல் தீட்டினாள், கறுப்பின்மேல் தீட்டினாள். ஒருவழியாகக் கவசத்தின் மேற்பரப்பு ஒத்து வந்தது. ஆனால் மடிப்புகளிலும் பள்ளங்களிலும் அவளுடைய கறுப்பு செத்த கறுப்பாய்க் கிடந்தது. முரசுக்காரனின் நிழலோ, சாம்பலுக்கடியில் தணல்போல் உயிரோடு இருந்தது. அந்த உயிர் எங்கிருந்து வந்தது? அண்ணன் எதைக் கலந்தான்? கேட்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குத்தான் தடை.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் காலை, சன்னலோரம் உட்கார்ந்து தூரிகையைக் கழுவினாள். வெயில் சாய்ந்து கண்ணாடித் தம்ளருக்குள் விழுந்தது. தண்ணீரில் பொன்துகள்கள் சுழன்றன. உலோக வண்ணத்தில் இருக்கும் மினுக்குப்பொடி அது. மற்ற நிறங்களில் ஒட்டிக்கொண்டால் விடாது. அதற்காகவே தேர்ந்த கைகள் உலோகத்துக்குத் தனித் தம்ளர், தனித் தூரிகை வைத்துக்கொள்வார்கள். அவளும் அப்படியே வைத்திருந்தாள்.

சேர்ந்து தீட்டிய அந்த நாட்களில் இருவருக்கும் இருந்ததோ ஒரே தம்ளர்! அண்ணனோ மகா சோம்பேறி. "தண்ணிய மாத்துடா" என்று அவள் கத்துவாள். "மாத்தினா ராசி போயிடும்டி" என்பான் அவன். அந்தக் கலங்கிய தண்ணீரில்தான் கறுப்பையும் கரைத்தான். நிழலில் மினுங்கியது அவனுடைய சோம்பல்!

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே உடைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கழுவிய தண்ணீரை ஒரு சொட்டு எடுத்துக் கறுப்பில் விட்டாள். ஒரு வீரனின் பள்ளங்களில் ஓடவிட்டாள். உலர்ந்ததும் முரசுக்காரன் அருகில் நிறுத்தினாள். யார் பழையவன், யார் புதியவன்? தாயாலும் சொல்ல முடியாது. அன்று பொழுது சாய்வதற்குள் படை முழுவதும் கவசம் பூண்டது.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தந்தையின் குரல் வந்தது.

"பெட்டியில என்ன?"

"படை, அப்பா."

"எங்க கிளம்பிட்ட?"

"போருக்கு."

அவர் தாளை இறக்கினார், பாதிப் புன்னகை. "எதிரி யாரு?"

"அது போனாத்தான் தெரியும். பக்கத்துல நிக்கப் போறது உங்க மகன்."

புன்னகை அணைந்தது. "எனக்கு மகன் கிடையாது."

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்ததே இல்லை, அன்றும் உயரவில்லை. "உங்களுக்கு இல்லைன்னா விடுங்க. எனக்கு இருக்கான். நீ போயிட்டு வாம்மா."

தந்தை செய்தித்தாளை மீண்டும் தூக்கிக்கொண்டார். அது தலைகீழாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மண்டபத்தில் மேசைகள் வரிசையாக இருந்தன. அண்ணன் எழுந்து நின்றான். முன்நெற்றியில் முடி குறைந்திருந்தது, கண்ணாடி புதிது. அவள் பேசவில்லை, தன் வீரர்களை எடுத்து அவன் வீரர்களின் நடுவே நிறுத்தினாள். நடுவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "ரெண்டு பேருல யாரு தீட்டினது?"

இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

"பல்லிகூடச் சத்தம் போடும்டி. நீ என்ன ஊமையாயிட்ட?" என்றான் அண்ணன். அவன் குரலில் கேலி முக்கால், மிச்சம் கண்ணீர்.

அவள் உதட்டைக் கடித்தாள். சத்தியத்தை ஒரு கணம் எண்ணினாள். பிறகு, "தண்ணிய மாத்தலடா" என்றாள்.

ஆட்டத்தில் அவர்கள் படுதோல்வி அடைந்தார்கள். எப்படி வெல்வது? எதிரி குதிரைப்படையோடு பாய்ந்து வருகையில் இவன், "அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்கிறான். இவள், "அண்ணி கோபப்படுவாங்களா, சிரிப்பாங்களா?" என்கிறாள். பகடை உருண்டபாடில்லை. முடிந்ததும், அவரவர் பாதியைப் பிரித்து அடுக்க உட்கார்ந்தார்கள். பிரிக்க முடியவில்லை. புரட்டிப் பார்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். எந்த வீரன் யாருடையவன் என்று தெரியவில்லை. கைக்கு வந்ததைப் பெட்டிகளில் போட்டு மூடினார்கள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அண்ணன் தெருமுனைவரை துணைக்கு வந்தான். அங்கே நின்றுவிட்டான். அங்கிருந்து வீட்டின் விளக்கு தெரியும். கொல்லைப்பக்கம் அம்மா குழாயடியில் பாத்திரம் கழுவும் ஓசையும் கேட்கும். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். "சரி, நீ போ. நான் கொஞ்சம் நின்னுட்டுப் போறேன்" என்றான். அவள் நடந்தாள். தன் வீட்டைப் பார்க்க ஒருவன் திருடனைப்போல் இருட்டில் நிற்க வேண்டும் என்று எந்த அறநூல் சொல்கிறது?

சாட்சிகளே! பார்த்தீர்கள். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். உங்கள் குடும்பத்திலும் உச்சரிக்கக் கூடாத பெயர் ஒன்று இருக்கலாம். மணந்தவளுக்காகவோ மணந்தவனுக்காகவோ துரத்தப்பட்ட பிள்ளையின் பெயர். அப்பாவுக்குக் கோபம் ஆறட்டும், ஊர் வாய் ஓயட்டும் என்று காத்திராதீர்கள். காத்திருப்பவர்களின் தலை நரைக்கிறது. துரத்தியவர்களின் நாள் குறைகிறது. நீங்கள் செய்த சத்தியம் அநியாயத்துக்குக் காவல் நிற்கிறதா? உடையுங்கள் அதை! எழுந்து தெருமுனைக்குப் போங்கள். அங்கே நிற்பவரின் கையைப் பிடித்து, தலைவாசல் வழியாக, ஊரறிய, உள்ளே அழைத்து வாருங்கள்!